கூலன்ட் ஒழுகுது, மாஸ்டர்!

"முடியுமா முடியாதான்னு சட்டுனு சொல்லுங்க மாஸ்டர். ஆபீசுக்கு நேரமாச்சு. உங்களால ஆகாதுன்னா நான் வேற எடம் பாத்துக்கறேன்" என்றான் டை கட்டிய இளைஞன்.

மெக்கானிக் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஷெட்டில் நின்ற காருக்கு அடியில் பச்சையாக ஒரு குட்டை. விரலால் தொட்டு முகர்ந்தார்.

"இன்ஜின் சூடாகாம இருக்க ஊத்துவாங்களே, அந்தக் கூலன்ட்தான். எங்கேயோ ஒழுகுது."

"அது எனக்கே தெரியுதே. எங்கேன்னுதான் கேக்கறேன்."

ஷெட்டை ஒட்டியிருந்த வீட்டின் சமையலறை ஜன்னலில், அவர் மனைவி கரண்டியும் கையுமாக நின்றிருந்தாள். ஒரு காலத்தில் இந்த வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஆயில் ஊற்ற மறந்து ஒரு வண்டியை அனுப்பி, அதன் இன்ஜின் நடுரோட்டில் இறுகி நின்றுபோன பிறகு ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை.

மாசக்கணக்கில் கட்டிலில் உட்கார்ந்து சுவரையே வெறித்த மனுஷன், வண்டி என்று ஒன்று கண்ணில் பட்டால்தான் எழுந்து சட்டை மாட்டுகிறார். இதையும் அவர் கோட்டை விட்டால் மறுபடி அந்தக் கட்டில்தான், அந்தச் சுவர்தான்.

மெக்கானிக் இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடில்லை என்று உறுதி செய்துகொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். தண்ணீரை நிரப்பி, அதன் வாயில் பிரஷர் பம்பை மாட்டி அடித்தார். உள்ளே அழுத்தம் ஏறினால் ஒழுகுகிற இடம் தன்னால் தெரிந்துவிடும். பம்பின் முள் ஏறியது, ஏறிய வேகத்தில் இறங்கியது.

"கூலன்ட்டைச் சுத்த விடற வாட்டர் பம்ப் போச்சு" என்று ஸ்பேனரை எடுத்தார்.

"பம்பா? நல்லாப் பாத்தீங்களா மாஸ்டர்?"

"நான் பாக்காத வண்டியா? எனக்கே பாடம் எடுக்கறீங்களே!"

போல்ட்டில் ஸ்பேனரை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஸ்பேனரைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"நாம... என்ன பாத்துக்கிட்டு இருந்தோம்?"

இளைஞனின் அதிகாரமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"கூலன்ட் ஒழுகுது, மாஸ்டர்" என்றான் மெதுவாக.

ஜன்னலில் நின்றவளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அரக்கப்பரக்க டீயோடு வந்தாள். சர்க்கரை போட்டதைக் கணவரிடமும், போடாததை இளைஞனிடமும் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் திரும்பி நடந்தாள்.

இளைஞன் பேன்ட் அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் முன்சக்கரத்தின் அருகே குத்துக்காலிட்டான். "இந்தப் பக்கம் ஏதோ சொட்டற சத்தம் கேக்குது மாஸ்டர்."

"சும்மா இருங்க சார். வேலை செய்யற எடத்துல மூக்கை நுழைச்சா எனக்குப் பிடிக்காது" என்று எரிந்து விழுந்தார். ஆனாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு, சாக்கை விரித்து அந்தப் பக்கமே படுத்தார். ரேடியேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். விரல் ஓரிடத்தில் நனைந்தது.

"அடப்பாவி!" என்ற குரல் காருக்கு அடியிலிருந்து வந்தது. "குழாய் நல்லாத்தான் இருக்கு. அதை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் லூஸ். யார் சார் இதுல கை வச்சது?"

"தெரியலையே மாஸ்டர்..."

"ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கவே தெரியாத எவனோ நோண்டியிருக்கான். ஸ்க்ரூவோட தலையைப் பாருங்க, எலி கடிச்ச மாதிரி! இனிமே அவன்கிட்ட வண்டியைக் குடுக்காதீங்க."

"சரி மாஸ்டர்" என்று தலையைக் குனிந்துகொண்டான் இளைஞன்.

கிளாம்ப்பை இறுக்கிவிட்டு மறுபடி பிரஷர் பம்பை அடித்தார். முள் நின்ற இடத்தில் நின்றது. புதுக் கூலன்ட் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே மாட்டிய காற்றெல்லாம் குமிழ் குமிழாக வெளியேறும்வரை பக்கத்திலேயே நின்றார். தரையைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"ஒரு சொட்டு இருக்கா பாருங்க!"

"இல்ல மாஸ்டர்."

"வேற எடம் பாக்கறேன்னீங்களே?"

"தெரியாம சொல்லிட்டேன் மாஸ்டர். உங்களை விட்டா எனக்கு வேற யாரு?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஜன்னலில் நின்றவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பத்திரமா ஓட்டிட்டுப் போங்க சார். வீடு ரொம்ப தூரமோ?"

"இல்ல மாஸ்டர். பக்கந்தான்."

கை கழுவ அவர் பின்பக்கம் போனதும், அவள் வேகமாக வெளியே வந்து கார் ஜன்னலருகே குனிந்தாள். உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த இளைஞனின் தலையைத் தடவினாள்.

"இன்னிக்கு உங்கப்பா ரொம்பத் தவிச்சுப் போய்ட்டாருடா. நாளைக்குக் காலையில கொஞ்சம் கண்ணுக்குத் தெரியற எடத்துல கழட்டி விடு."