மொட்டைத் தூண்

"நம்பிக்கை இல்லேன்னா வீட்லயே இருந்திருக்கலாமே சார்?" என்றார் முன்னால் நின்றவர், கழுத்தை மட்டும் திருப்பி.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. வரிசையில் நின்ற ஒன்றரை மணி நேரத்தில் நம்மவர் பதினோராவது தடவையாக "சுத்தப் பொய்" என்று முணுமுணுத்திருந்தார்.

தபால் ஆபீஸில் ஓய்வு பெற்றவர். கடிதங்களை முத்திரையால் ஓங்கிக் குத்தியே கோபத்தைத் தீர்த்துப் பழகிய மனிதர். இங்கே குத்த எதுவும் இல்லை. முழங்கால்தான் அவரைக் குத்தியது.

காலை எட்டு மணிக்கு மகளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இதயத்தில் வால்வு. நாலு மணி நேரம் ஆகும் என்றார் டாக்டர். மாப்பிள்ளையை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார வைத்துவிட்டு, மனைவி இவரைக் கோயிலுக்கு இழுத்து வந்துவிட்டாள். இங்கேயோ நுழையும்போதே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மகளுக்கு என்ன ஆனதென்று தெரிந்துகொள்ள வழியில்லை. காலிச் சட்டைப் பையைத் தடவித் தடவி அவருக்குக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

நூறுகால் மண்டபம் அது. தொண்ணூற்றொன்பது தூண்களில் யாளி, குதிரை, கொடி, அன்னம் என்று விரல் வைக்க இடமில்லாமல் சிற்பம். ஒரே ஒரு தூண் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் மொழுக்கென்று நின்றது. இத்தனை கூட்டமும் அந்த மொட்டைத் தூணுக்குத்தான். சிற்பி உயிரைக் கொடுத்துச் செதுக்கிய மற்றதில் எல்லாம் ஜனங்கள் சாய்ந்து முதுகு சொறிந்துகொண்டார்கள்.

வழிகாட்டி ஒருவர் ஒரு கும்பலை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"நூறாவது தூணுக்கு வந்தப்ப சிற்பிக்குக் கை ஓடலை. உளியைத் தூக்கிப் போட்டுட்டு அழுதுட்டே தூங்கிட்டாரு. சாமி கனவுல வந்து, 'நீ வெறுமனே விட்ட கல்லுல நான் இருந்துக்கறேன்'னுட்டாரு. அதனால, வலது காதைத் தூண்ல வச்சு, வேண்டியதை மெதுவா சொல்லணும். உள்ளேருந்து 'ம்'னு ஒரு சத்தம் வரும். வந்தா கேட்டாச்சுன்னு அர்த்தம்!"

"இடது காது" என்றார் நம்மவர், வாய் தவறி.

"பெரியவரே, பன்னெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன். என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க."

"அங்க மேல ஒரு சாளரம் இருக்கு பாருங்க. அது வழியா காத்து வர்றப்ப 'ம்'னு கேக்கும். சாமி ஒண்ணும் உள்ளே உக்காந்து தலையாட்டலை."

"யாராவது இவரை வெளிய கூட்டிட்டுப் போங்கப்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதற்கு நாலைந்து பேர் சிரிப்பு.

கயிற்றுக்கு அந்தப் பக்கம், பெண்கள் வரிசையில், மனைவி வெகு தூரம் முன்னால் போய்விட்டிருந்தாள். இந்த ரகளை எதுவும் அவளை எட்டவில்லை. முறை வந்ததும் யாரையும் எதுவும் கேட்காமல் இடது காதைக் கல்லில் ஒட்டிக் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. தோள் குலுங்கியது.

பார்த்துக்கொண்டிருந்த அவர் கை மறுபடியும் காலிச் சட்டைப் பைக்குப் போனது.

தன் முறை வந்தபோது தூணைத் தொடாமலே விலகி நடந்தார். மனைவி ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"என்னங்க இது? இவ்வளவு நேரம் நின்னுட்டு சும்மா வர்றீங்க? போய்ச் சொல்லுங்க."

"எனக்கு வேணாம்."

"நீங்க பெத்த பொண்ணுங்க அவ. ஒரு வார்த்தை சொன்னா கொறைஞ்சா போயிடுவீங்க?"

முப்பத்தைந்து வருடமாகத் தொண்டைக்குக் கீழே அமுக்கி வைத்திருந்தது அந்த இடத்தில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"இது கதைம்மா! நான் விட்ட கதை! தபால் வேலை கிடைக்கறதுக்கு முன்னாடி ஆறு மாசம் இங்க வழிகாட்டியாத் திரிஞ்சேன். கௌரவக் கொறைச்சல்னு உன்கிட்டகூடச் சொல்லலை. ஒரு நாள் நல்ல மழை. நாப்பது பேர் சுத்தி நிக்கறாங்க. ஒருத்தர், 'இது மட்டும் ஏன் மொட்டையா நிக்குது?'ன்னு கேட்டுட்டாரு. எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கம். சிற்பி, கனவு, காது எல்லாம் அந்த நிமிஷம் வாயில வந்ததுதான். அந்தப் புளுகுகிட்டப் போய் நம்ம பொண்ணு உயிரைக் கேக்கச் சொல்றியா?"

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். காலையிலிருந்து அவள் பிடித்துக்கொண்டு நின்றது இந்த ஒரு தூணைத்தான். அதையும் உருவியாயிற்று.

அவள் அழவில்லை.

"தெரியும்ங்க."

"என்ன தெரியும்?"

"அந்த நாப்பது பேர்ல நானும் ஒருத்தி. நீங்க முழிச்ச முழியிலயே புளுகறீங்கன்னு புரிஞ்சுபோச்சு."

அவருக்கு ஆத்திரம்தான் பழக்கத்தில் வந்தது. "அப்புறம் எதுக்குடி என்னை ஒன்றரை மணி நேரம் கால்கடுக்க நிக்க வச்சே?"

"நீங்க எல்லாரையும் கூட்டிட்டு அடுத்த மண்டபத்துக்குப் போயிட்டீங்க. நான் மட்டும் திரும்பி வந்து, எதுக்கும் இருக்கட்டும்னு கேட்டு வச்சேன். கெடைச்சுதே!"

"எது?"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவரைத் தூண் பக்கமாகத் தள்ளினாள்.

"நீங்கதான்."