பொதுச் செருப்பு

மலையேறப் போகிறவர்கள் தங்கும் அந்த விடுதியில், குளியலறைகளுக்கென்று ஒரே ஒரு ஜோடி ரப்பர் செருப்புதான் இருந்தது. உள்ளே போகிறவர் மாட்டிக்கொண்டு போவார்; வெளியே வந்ததும் அடுத்தவருக்குக் கழற்றிவிடுவார். வெறுங்காலோடு காத்திருந்த சவரிமுத்துவின் முன்னால் ஒரு பெண் அதைப் போட்டபடி வெளியே வந்தாள். இடது செருப்பின் வார் அறுந்த இடத்தில் பச்சை நைலான் நூலால் தையல் போட்டிருந்தது. கிழிந்த மீன்வலை பொத்துகிற நூல். போன வருடம் மகன் கிளம்பும்போது அவரே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தது. "மலைக்கு ஷூ இருக்குப்பா, இது ரூமுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வந்தவன், மலையிலிருந்து இறங்கவேயில்லை. அவன் போன பாதையில் நாளைக் காலை அவரும் ஏறப்போகிறார்.

"இது யாருதும்மா?"

"யாரோ விட்டுட்டுப் போனதாம் அங்கிள். இப்ப எல்லாருக்கும் பொது. சும்மா போட்டுக்கோங்க, தரை ஐஸா இருக்கு."

போட்டுக்கொண்டார். செருப்பில் அந்தப் பெண்ணின் கால்சூடு இருந்தது. உள்ளே போய்த் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு நின்றார். அழுகை வரும் என்று காத்திருந்தார். வாளி நிறைந்து வழிந்ததுதான் மிச்சம்.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "அண்ணே, பக்கத்து பாத்ரூம் காலியா இருக்கு. செருப்ப மட்டும் குடுக்குறீங்களா?"

சவரிமுத்து குனிந்தார். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, வலது செருப்பை மட்டும் வெளியே தள்ளிவிட்டு, மறுபடியும் தாழிட்டுக்கொண்டார்.