ஆறாம் எண்ணின் குரல்

"இன்னும் முடியேல்லையோ, கல்யாணியக்கா? பதினொரு நாளாச்சு!"

காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்த கல்யாணி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஓடிக்கொண்டிருந்த ஒலிப்பதிவைச் சட்டென்று நிறுத்தினாள், திருடும்போது பிடிபட்டவள் மாதிரி.

ஆக்லாந்தின் மனுகாவ் பகுதியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகம் கஜந்தினியுடையது. அந்த நகரில் வாழும் இளம் முஸ்லிம் பெண்கள் மதத்தின் பெயரால் என்னென்ன பட்டிருக்கிறார்கள் என்று நேரில் கேட்டு அறிக்கை எழுதுவது அவள் வேலை. தமிழில் பேசிய பெண்களின் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பவள் கல்யாணி. பதிவுகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

முதல் ஐந்தையும் ஒரே வாரத்தில் முடித்துக் கொடுத்த மனுஷி, ஆறாம் எண்ணில் வந்து அப்படியே நின்றுவிட்டாள். இத்தனைக்கும் அது முக்கால் மணி நேரப் பேச்சுதான். வெள்ளிக்கிழமை அறிக்கை போயாக வேண்டும்.

"ஏலாதெண்டா தாங்கோ அக்கா, வேற ஆளிட்டைக் குடுக்கிறன்."

"ஐயோ, வேண்டாம்மா! நானே முடிச்சுத் தர்றேன். இதை மட்டும் வாங்கிடாத."

கஜந்தினிக்கு உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது. நெற்றி நிறையத் திருநீறும் குங்குமமுமாக வருகிறவள், வெள்ளிக்கிழமை கோயில் தவறாதவள். இந்தப் பிள்ளைகளின் வேதனையைக் கேட்க இவளுக்கு மனம் வரவில்லையோ என்னவோ. இன்றைக்கு வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"கோவிக்காதேங்கோ. முஸ்லிம் பிள்ளையள் எண்டா உங்களுக்குப் பிடிக்காதோ?"

கல்யாணி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிடிக்காமதாம்மா இருந்துச்சு" என்றாள். பிறகு, சம்பந்தமே இல்லாமல், "பேட்டி எடுத்த அன்னைக்கு ரூம்ல ஹீட்டர் போட்டிருந்தியா? குளிர் ஏறினா அதுக்கு வீசிங் வந்துடும்" என்றாள்.

"அப்பிடி எங்க சொல்லுது அந்தப் பிள்ளை?"

"இருமுறது கேட்குதேம்மா."

"இருமலையும் விடாமல் டைப் பண்ணுறியள் போல! அப்ப பதினொரு நாள் எடுக்கும்தானே?" கஜந்தினி சிரித்தாள். கல்யாணி சிரிக்கவில்லை.

கஜந்தினி ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள். "எதுவரைக்கும் வந்திருக்கிறியள்? ஹெட்ஃபோனைக் கழட்டிப்போட்டு ஸ்பீக்கரில போடுங்கோ, நானும் கேக்கிறன்."

அறைக்குள் ஓர் இளம் குரல் கலகலவென்று பேச ஆரம்பித்தது.

"ஸ்கார்ஃப் போட ஆரம்பிச்சு ரெண்டு வருஷம்தான் ஆச்சு. மவுண்ட் வெல்லிங்டன்ல பஸ் ஏறினா பக்கத்து சீட் காலியாவே வரும். நல்லதுதான், பையை வெச்சுக்கலாம்." ஒரு சிரிப்பு. "ஒருத்தர் 'உன் நாட்டுக்குப் போ'ன்னு கத்தினார். நான் இங்கதான் வளர்ந்தேன் சார், அதுக்கு எத்தனாம் நம்பர் பஸ்னு கேட்டேன்." மறுபடியும் சிரிப்பு.

அடுத்துக் கேட்டது பேட்டி எடுத்த கஜந்தினியின் குரல். "எல்லாத்திலயும் கூடுதலா வலிச்சது எது?"

சிரிப்பு நின்றுபோனது.

"தீபாவளி அன்னைக்கு, தகனினியில ஒரு வீட்டுக்கு ஸ்வீட் எடுத்துட்டுப் போனேன். தெரிஞ்சவங்கதான். நல்ல மழை. பெல் அடிச்சேன். கதவுல மங்கலா ஒரு கண்ணாடி. அந்தப் பக்கம் ஒருத்தங்க வந்து நிக்கிறது தெரிஞ்சுது. திறக்கலை. நானும் நின்னேன், அவங்களும் நின்னாங்க. நாப்பது நிமிஷம்." இருமல் வந்தது. "திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல."

கஜந்தினி கை நீட்டிப் பதிவை நிறுத்தினாள்.

"இதைச் சொல்லத்தான் வந்தனான் அக்கா. காலமை அந்தப் பிள்ளை மெயில் போட்டிருக்கு. இந்தக் கதவுக் கதையை எடுத்துவிடட்டாம்." கைபேசியைத் திறந்து வாசித்தாள். "'படிக்கிறவங்க அந்த வீட்டுல இருக்கவங்களைக் கெட்டவங்கன்னு நினைச்சுடுவாங்க. அவங்க அப்படி இல்ல. ப்ளீஸ், இதை மட்டும் அழிச்சுடுங்க.'"

அறிக்கைக்கு உயிரே இந்த இடம்தான். ஆனால் சொன்னவள் வேண்டாம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

"மழையில நிக்கவிட்ட சனத்துக்காக இந்தப் பிள்ளை மன்றாடுது, பாருங்கோ. என்ன மனுசரோ! சரி, அழியுங்கோ அக்கா."

கல்யாணி இரண்டு கைகளாலும் கீபோர்டைப் பொத்திக்கொண்டாள்.

"மாட்டேன்."

"அக்கா, விளையாடாதேங்கோ. அவளின்ர சம்மதம் இல்லாமல் ஒரு எழுத்தும் வைக்கேலாது."

"அவ சொன்னதை எடுத்துடு. அதே இடத்துல நான் சொல்றேன், எழுதிக்கோ. என் பேரைப் போட்டே எழுதிக்கோ."

"நீங்களோ?" கஜந்தினிக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்களுக்கு அந்தக் கதவைப் பற்றி என்ன தெரியும்?"

கல்யாணி கீபோர்டிலிருந்து கைகளை எடுத்தாள்.

"அவ முஸ்லிமா மாறிட்டாளேன்னு கதவைத் திறக்காம, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னது நான்தாம்மா... அவளைப் பெத்தவ."