ஈயடிச்சான் காப்பி

சிங்கராஜா கையெழுத்துப் போட்ட உத்தரவில் ஒரு ஈ நசுங்கி ஒட்டிக்கொண்டது. வந்த வினையெல்லாம் அதனால்தான். அதற்கு நகல் எடுத்த நாரை குமாஸ்தா, எழுத்தையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, பக்கத்தில் பறந்த இன்னொரு ஈயைப் பிடித்துக் காலுக்கடியில் அமுக்கிக்கொண்டது.

“குமாஸ்தா ஐயா, என்ன செய்யப் போறீங்க?” என்றது ஈ.

“மூலத்துல மூணாவது வரியில ஈ இருக்கு. நகல்லயும் இருக்கணும். உன்னை அடிச்சு ஒட்டப் போறேன். அசையாம இரு.”

“அது தெரியாம விழுந்து செத்ததுங்க.”

“ராஜா கையெழுத்துக்கு மேல இருக்கு. அப்போ அதுவும் உத்தரவுதான்.”

“எந்த உயிரையும் கொல்லக்கூடாதுன்னுதானே உத்தரவு? படிச்சுப் பாருங்க ஐயா.”

“படிக்கிறது என் வேலை இல்லை. பார்த்து எழுதுறதுதான்.”

ஈக்குக் கடைசியாக ஒன்று தோன்றியது. “அந்த ஈக்கு இடது இறக்கை இல்லைங்க. எனக்கு ரெண்டும் இருக்கு. ஒத்தே வராது.”

நாரை குனிந்து பார்த்தது. “நல்லவேளை சொன்னே,” என்று இறக்கையைப் பிடுங்க அலகை நீட்டியது.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று ஈ நொந்துகொண்டபோது, மரத்திலிருந்து யாரோ விறுவிறுவென்று இறங்கி வந்து, மூலத்தில் ஒட்டியிருந்த ஈயை நாக்கால் வழித்துத் தின்றுவிட்டு ஏறிப்போனார்கள்.

நாரை மூலத்தைப் பார்த்தது. நகலைப் பார்த்தது. “சரியா இருக்கு. நீ போகலாம்,” என்று காலை எடுத்தது.

உயிரைக் காப்பாற்றிய மகராசருக்கு நேரில் நன்றி சொல்ல ஈ மரத்தை நோக்கிப் பறந்தது. பாதி வழியில் ஆளை அடையாளம் கண்டு, அங்கேயே நின்று ஒரு கும்பிடு போட்டது. கிளையில் இருந்தது பல்லி.