முதலில் உயர்ந்த கை

ஹெல்கா வந்து உட்கார்ந்ததும் குடியிருப்போர் கூட்டம் சுவிஸ் நகரான பெர்னின் வட்டாரப் பேச்சை விட்டுச் சட்டென்று ஏட்டு ஜெர்மனுக்கு மாறியது.

"வணக்கம். கூட்டத்தைத் தொடங்குகிறோம்" என்றார் தலைவர் ஊலி.

"ஆரம்பிச்சுட்டீங்களா!" என்று மேஜையைத் தட்டினாள் ஹெல்கா. "பெர்ன்ல பத்து வருஷமா குப்பை கொட்டறேன். இன்னும் ஹாம்பர்க்காரின்னு ஒதுக்கறீங்களே, நான் என்ன விருந்தாளியா?"

"உங்களுக்குப் புரிய வேண்டும் என்றுதான்..."

"எல்லாம் புரியும். உங்க பேச்சுலயே பேசுங்க. இல்லேன்னா எனக்கு அவமானம்!"

"அப்ப சரிம்மா" என்று ஊலி பெர்ன் பேச்சுக்குத் தாவினார். எல்லோரும் சிரித்தபோது ஹெல்காவும் சிரித்தாள். கடைசியில் அவர் ஏதோ கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் ஹெல்கா கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். மாடிவீட்டு ரெகுலா கண்கலங்க ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

சனிக்கிழமை, அழுக்குத்துணிக் கூடையோடு ஹெல்கா கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். கட்டடத்துக்கே ஒரு வாஷிங் மெஷின்தான். வீட்டுக்கு ஒரு நாள். சனி அவளுடையது. ஆனால் மெஷினில் ரெகுலாவின் இரட்டைக் குழந்தைகளின் துணி சுற்றிக்கொண்டிருந்தது.

"இது என் நாள்! யாரைக் கேட்டுப் போட்டே?"

ரெகுலா பெர்ன் பேச்சில் நீளமாக ஏதோ சொன்னாள். 'கூட்டம்', 'ஓட்டு' இரண்டு மட்டும் ஹெல்காவுக்குப் பிடிபட்டன.

"ஓட்டுப் போட்டா என் நாளைப் பிடுங்கினீங்க? வேலைக்குப் போறவளுக்கு வேற ஏது நாள்? மனசாட்சி இல்லாம எவன் கையைத் தூக்கினான்?"

ரெகுலா அவளையே பார்த்தாள். பிறகு, சுத்தமான ஏட்டு ஜெர்மனில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"முதலில் கையைத் தூக்கியவர் நீங்கள்தான்."