கொழுப்பு

பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து தொற்றிய ஹெபடைடிஸ் வைரஸ் மதிவதனிக்குள் இருபது வருடம் சும்மா கிடந்தது. கல்லீரலில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்த நாளிலிருந்து அம்மா அவளை 'டி' போட்டுக் கூப்பிடவே இல்லை. கட்டியைவிட அந்த 'வாம்மா, போம்மா'தான் அவளைப் பயமுறுத்தியது.

இன்று பயாப்ஸி முடிவைப் படித்த டாக்டர் சிரித்தார். "இந்த வைரஸ் இருந்தா புத்துநோயோன்னுதான் முதல்ல பயப்படுவோம். இது வேற, ரொம்ப அபூர்வம். கெடுதல் இல்லாத கட்டி. முக்காவாசி வெறும் கொழுப்பு."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இதைத்தான டாக்டர், பத்து வயசுலேர்ந்து இவகிட்ட சொல்லிட்டிருக்கேன், உடம்பு பூரா கொழுப்புன்னு!"

பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "டாக்டர் முன்னால கால்மேல கால் என்னடி?"

மதிவதனி காலை இறக்கவில்லை. இன்னொரு 'டி' வரட்டும் என்று காத்திருந்தாள்.