தாராளமாகப் பேசுங்கள்

"உங்களைப் பேசுறதோ? இவ்வளவு சனத்துக்கு முன்னாலயோ?" யோகமலர் தயங்கினாள்.

"பயப்படாதீங்கம்மா. தாராளமாப் பேசுங்க. அதுக்குத்தான முல்லைத்தீவுலருந்து உங்கள வரவழைச்சிருக்கோம்" என்றார் அப்பாத்துரை.

பாளையங்கோட்டை அரங்கின் வாசலில் தொங்கிய பேனரில் 'நிவாரணம் பெறுவோரின் குரல்' என்ற எழுத்துகள் கடுகளவு. நிவாரணம் கொடுக்கும் அறக்கட்டளையின் தலைவர் அப்பாத்துரையின் முகம் பூசணிக்காய் அளவு. ஜெனீவாவில் அமையவிருக்கும் நிவாரணச் சீர்திருத்தக் குழுவுக்கு ஆள் பொறுக்க வந்த மூன்று வெள்ளைக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அந்தக் குழுவின் நாற்காலிக்காக அப்பாத்துரை கோட்டே தைத்துவிட்டார்.

"பெரிய மனுசரைப் பேசினால் பாவமெல்லோ, ஐயா?"

"என்ன பாவம்? நானேல்லா சொல்லுதேன்!"

"ஊரில நாங்கள் ஒவ்வொரு நாளும் உங்களைப் பேசுறனாங்கள்."

அப்பாத்துரைக்கு நெஞ்சு விம்மியது. "கேட்டியா சாலோமி? தெனமும் நம்மளப் பேசுதாங்களாம்!"

உதவியாளர் சாலோமி நெற்றியைச் சுருக்கினாள். "சார், எதுக்கும் நாமளே எழுதிக் குடுத்திருவமா?"

"நீ சும்மா இரு. அவங்க குரலுதான் வரணும். நீ இங்கிலீஷ்ல மாத்திச் சொன்னாப் போதும். ஒரு வார்த்த விடப்பிடாது, ஆமா." யோகமலரிடம் திரும்பினார். "அஞ்சு நிமிஷம் போதுமாம்மா?"

"காணாது, ஐயா."

"அப்பப் பத்து!"

யோகமலரின் கக்கத்தில் ஊன்றுகோல், மறுகையில் துணி சுற்றிய நீளமான பொதி. நமக்குத்தான் ஏதோ பரிசு என்று அப்பாத்துரை கோட்டை நீவிக்கொண்டார். அவள் மேடையேறி மைக்கைப் பிடித்தாள்.

"எங்கட ஊரில பேசுறதெண்டால் ஏசுறது. ஐயா தன்னை ஏசச் சொல்லிப் பத்து நிமிசம் தந்திருக்கிறார்."

சாலோமி ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். வெள்ளைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்பாத்துரையின் சிரிப்பு வாயிலேயே உறைந்தது.

யோகமலர் பொதியை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். அறக்கட்டளையின் முத்திரை பதித்த செயற்கைக் கால்.

"உங்கட படிவத்தில எத்தனை கால் வேணுமெண்டு கேட்டியள். எந்தக் கால் எண்டு கேட்டியளோ? முப்பது பேருக்கும் இடது கால்தான் வந்தது!"

அப்பாத்துரை முதல்முறையாகக் குனிந்து பார்த்தார். சேலைக்குக் கீழே, அவள் ஊன்றி நின்றதே இடது காலில்தான்.